உருக்காத இரும்பு

நாகலூருக்கு மேலே, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் நின்ற அந்த இரும்பு டவரை வெட்டி எடுக்கக் கேஸ் சிலிண்டரோடு பொன்னுவேல் போய் இறங்கிய காலையில், அதன் உச்சியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. கூட வந்த வேலையாள் ஷெர்வின்தான் முதலில் பார்த்தான். டெம்போவிலிருந்து சிலிண்டரை இறக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்று, "அண்ணா, மேல பாருங்க" என்றான். தலையில் மஞ்சள் ஹெல்மெட், இடுப்பில் கயிறு, கையில் சின்னச் சுத்தியல். அவள் இரும்பைத் தட்டினாள், காதைச் சாய்த்துக் கேட்டாள், சாக்பீஸால் ஏதோ குறி போட்டாள், அடுத்த இரும்புக்கு நகர்ந்தாள். கீழே வண்டி வந்து நின்றதையே கவனித்ததாகத் தெரியவில்லை.

"ஏனுங்க! யாருங்க அது? கீழ எறங்குங்க!" பொன்னுவேல் கத்தினான். "இந்த டவரு நம்மளுது. ஏலத்துல எடுத்தாச்சு. இன்னிக்கி வெட்டப் போறோம்."

"தெரியுமுங்க. அதுக்குத்தான் நீங்க வாரதுக்கு முன்னாடியே வந்துட்டேன்" என்று மேலிருந்து குரல் வந்தது. "கேஸ மட்டும் பத்த வெச்சிராதீங்க. தோ எறங்கறேன்."

பொன்னுவேலுக்குச் சிரிப்பு வந்தது. ஏற்காட்டில் பழைய இரும்புக் கடை வைத்து இத்தனை வருஷத்தில், காயலான் சரக்கைக் காப்பாற்ற யாரும் டவர் ஏறி அவன் பார்த்ததில்லை. எஸ்டேட்டில் உடைந்துபோன, காப்பிப் பழம் உரிக்கும் பல்பர், ஓட்டை விழுந்த தகரம், மட்கிப்போன கேட், எது வந்தாலும் அவன் கடையில் ஒரே மரியாதைதான். வெட்டுவான், நிறுப்பான், சேலத்துக்கு இறக்குவான். அங்கே உலைக்குப் போய்விடும். அப்பன் விட்டுப்போன காப்பித் தோட்டத்தையும் சாமைக் காட்டையும் அக்கா மாதம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு அவன் பிடித்துக்கொண்ட தொழில் அது. இந்த டவர்கள் அவனுக்குக் கிடைத்ததிலேயே பெரிய சரக்கு. முன்பு மலையில் மண் எடுத்த ஒரு சுரங்கக் கம்பெனி, அதைத் தொட்டியில் வைத்துக் கம்பி வழியாகக் கீழே அனுப்ப வரிசையாக நட்டது. சுரங்கம் மூடி ரொம்ப காலமாகிவிட்டது. கம்பியும் தொட்டியும் போய், டவர்கள் மட்டும் மலைச்சரிவில் நின்றுகொண்டிருந்தன.

அவள் இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். நாற்பது வயதிருக்கும். முகமெல்லாம் துருத்தூள்.

"எம்பேரு ஜெயகுமாரி. சேலத்துல இஞ்சினியரா இருக்கறனுங்க. பலாக்காட்டுப் பாலத்துக்கு டிசைன் பாத்துக் குடுக்கச் சொல்லிப் பஞ்சாயத்துல கூப்புட்டிருக்காங்க."

பலாக்காடு என்றதும் பொன்னுவேலின் சிரிப்பு அடங்கியது. அது அவன் பிறந்த ஊர். போன ஐப்பசியில் ஒரே நாளில் கொட்டிய மழை, ஓடையின் குறுக்கே இருந்த பாலத்தை அடித்துக்கொண்டு போனது முதல் ஊர் தனியாகத் துண்டுபட்டுக் கிடந்தது. காப்பி மூட்டையைத் தலையில் சுமந்து மலையைச் சுற்றிக்கொண்டு நாகலூர் வரவேண்டும். தை மாதத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தவர்களில் அக்கா மாதம்மாளும் ஒருத்தி.

"அங்க கான்கிரீட் பாலம் வருதுன்னாங்களே?" என்றான்.

"போட்டிருக்காங்க. அந்த டிசைனத்தான் பாக்கச் சொன்னாங்க. பாலம் நிக்கும், அதுல தப்பில்லீங்க. ஆனா மனுசங்களும் மாடும் பைக்கும் போறதுக்கு அவ்வளவு கனமான பாலம் தேவையே இல்ல. அத்தன சிமெண்டும் கம்பியும் மேல வரணும்னா நாகலூருக்கு அந்தப்பக்கம் லாரி போற மாதிரி ரோட்ட அகலப்படுத்தணும். ரெண்டு பக்கமும் மரம் போகும், உங்க ஊர்க்காரங்க காப்பிச் செடியும் போகும்." அவள் திரும்பி டவரைத் தட்டினாள். "எனக்கு வேண்டிய இரும்பு இந்த மலை மேலயே நிக்குதுங்க."

"இதுலயா? செத்த இரும்புங்க இது!"

"துருவப் பாத்துச் சொல்றீங்க. வாங்க, ஒரு போல்ட்டக் கழட்டிப் பாப்போம்."

அதற்கு அரை நாள் ஆயிற்று. துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாள், எண்ணெய் விட்டாள், ஊறட்டும் என்று காத்தாள், நீளக் குழாயை ஸ்பேனரில் செருகி மெல்ல அழுத்தினாள். அசையவில்லை. மறுபடி எண்ணெய். ஷெர்வின் பீடி பிடிக்கத் தள்ளிப் போய்விட்டான். பொன்னுவேலுக்குக் கை துறுதுறுத்தது. கேஸ் வைத்தால் நொடியில் அறுந்துவிடும். ஆனால் அந்தப் பெண் அவசரப்படுவதாகவே இல்லை. கடைசியில் 'க்ரீச்' என்று ஒரு சத்தம். நட்டு சுழன்றது. அவள் போல்ட்டை உருவி, முந்தானையில் துடைத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

போல்ட்டின் மறை புதுசாக மின்னியது. கடையில் இருந்து வாங்கி வந்தது மாதிரி.

"இத நட்டவங்க வெல்டிங் வெக்காம போல்ட் போட்டிருக்காங்க பாருங்க" என்றாள் ஜெயகுமாரி. "மாட்டுனதக் கழட்டலாம். கழட்டுனத வேற எடத்துல மாட்டலாம். நீங்க கேஸ் வெச்சு வெட்டி, லாரியில ஏத்தி, உலையில போட்டு உருக்கி, மறுபடி இதே எல் வடிவ ஆங்கிளா அடிச்சு, அத மறுபடி மலை மேல கொண்டாந்து... எத்தன கரண்டு, எத்தன கரி, எத்தன பொகை! போன ஐப்பசியில கொட்டுன மாதிரி மழை முன்னெல்லாம் கொட்டுச்சுங்களா? அந்தப் பொகைக்கும் அந்த மழைக்கும் சம்பந்தம் இருக்குதுங்க. மழை அடிச்சிட்டுப் போன பாலத்தக் கட்டறேன்னு இன்னும் பொகைய ஏத்தறதுக்கு எனக்கு மனசு வரல. நல்ல இரும்பப் பஞ்சாயத்து உங்ககிட்ட வாங்கிக்கும், பேசிட்டேன். நான் தள்ளறத நீங்க உலைக்கு அனுப்பிக்கங்க."

பொன்னுவேல் போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சரி, ஒரு டவரு. அதுவும் எங்க ஊருங்கறதுக்காக" என்றான்.

ஒரு டவரோடு அது நிற்கவில்லை.

வெட்டுவதற்குப் பழகிய கைக்குக் கழற்றுவது வேறு வேலையாக இருந்தது. மேலிருந்து கீழாக வரவேண்டும். ஒன்றைக் கழற்றும்போது மற்றது சாயாமல் கயிறு போட்டுப் பிடிக்க வேண்டும். இறக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் அவள் வெள்ளை பெயிண்டில் ஒரு அடையாளம் எழுதினாள். பிறகு அதைத் தட்டிக் கேட்பாள். தேய்த்து வெளுப்பாக்குவாள். டார்ச் லைட் மாதிரி ஒரு சின்னக் கருவியை வைத்து உள்ளே எவ்வளவு கனம் மிச்சமிருக்கிறது என்று பார்ப்பாள். சில துண்டுகளைச் சேலத்துக்குக் கொண்டுபோய், மெஷினில் மாட்டி அறுந்து போகும்வரை இழுக்கச் செய்து, அறுந்த முனையைத் திரும்பக் கொண்டுவந்து பொன்னுவேலிடம் காட்டினாள். "புது இரும்புக்கு ஒரு பிடி கூடக் கொறையல பாருங்க" என்று சொன்னபோது, பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளையைப் பற்றிப் பேசுவது போலிருந்தது.

தள்ளுபடியானவை டெம்போவில் ஏறி அவன் கடைக்கு வந்தன. ஒருநாள் அவற்றை அடுக்கும்போது பொன்னுவேல் நின்று பார்த்தான். ஒன்றில் ஓரம் கொஞ்சம் அரித்திருந்தது. ஒன்று லேசாக வளைந்திருந்தது. இன்னொன்றில் என்ன குறை என்றே அவனுக்குத் தெரியவில்லை. அவனாக இருந்தால் முக்கால்வாசியை நல்லதென்று சொல்லியிருப்பான்.

ஓடைக்கரையில் அவள் வேலை இதைவிட ஆச்சரியம். முதலில் போட்ட பாலத்தின் வரைபடத்தில் இரண்டு கரையிலும் யானை மாதிரி கான்கிரீட் மேடை. அவள் மண்ணைச் சுரண்டிப் பார்த்தாள். கீழே கருங்கல் பாறை. "மலையே தாங்கறேங்குது, அப்பறம் எதுக்குங்க அத்தன கான்கிரீட்டு?" என்று பாறையிலேயே துளை போட்டுக் கம்பி இறக்கினாள். பாலம் உட்காரும் இடத்தில் மட்டும் ஒரு திண்டு. அதற்கு வேண்டிய சிமெண்டைப் பலாக்காட்டுக்காரர்கள் தோளிலேயே கொண்டு வந்துவிட்டார்கள்.

"எல்லாம் சரீங்க மேடம்" என்றான் பொன்னுவேல், கரையில் கோத்துவைத்த ஆங்கிள்களைப் பார்த்து. "நடுவுல தடியா இருக்குது. ஓரத்துல பாத்தா குச்சி மாதிரி இருக்குது. எல்லாத்தயும் ஒரே தடியாப் போட்டா பயமில்லாம இருக்குமில்லீங்களா?"

ஒரு நீளச் சட்டத்தின் இரு முனையிலும் கல் வைத்து அவனை நடுவில் ஏறி நிற்கச் சொன்னாள். சட்டம் வளைந்தது. முனைக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னாள். அசையவில்லை.

"பாரம் எங்க இழுக்குதோ அங்க இரும்பு இருக்கணும். இழுக்காத எடத்துல போட்ட இரும்பு சும்மா தூங்கும். தூங்கறதோட அதோட சொமையையும் மத்ததுங்க தாங்கணும்." சட்டத்தைக் காலால் தள்ளிவிட்டுச் சிரித்தாள். "நாங்க படிக்கும்போதே பயத்துக்குக் கம்பி சேத்துப் போடறதுன்னு ஒண்ணு பழகிருதுங்க. அதுல பாதி, கணக்குப் போடச் சோம்பலுக்குப் போடற கம்பி."

அன்றிலிருந்து ஏற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கம் கட்டும் லாட்ஜுகளின் தூண்களைப் பார்க்கும்போதெல்லாம் அதற்குள் எவ்வளவு இரும்பு தூங்குகிறதோ என்று பொன்னுவேலுக்குத் தோன்ற ஆரம்பித்தது.

ஆனால் ஊருக்குள் வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பங்குனி கடைசியில் பலாக்காட்டுப் பள்ளிக்கூட வாசலில் கூட்டம் போட்டார்கள். ஊர்ப் பெரியவர் மாதையன் எழுந்தார். ஆரஞ்சும் மிளகும் போடுகிறவர். சத்தம் போட்டுப் பேசும் ஆள் இல்லை.

"இஞ்சினியரம்மா, கோவிச்சுக்காதீங்க. டவுன்ல பாலம் கட்டுனா புது இரும்பு, புது சிமெண்டு. எங்களுக்குன்னு வரும்போது மட்டும் காயலான் கடை இரும்பா? மலைக்காரனுக்கு இது போதும்னு நெனச்சுட்டீங்களா?"

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. மாதம்மாள் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து தம்பியையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"நியாயமான கேள்விங்க" என்றாள் ஜெயகுமாரி. "உங்க எடத்துல இருந்தா நானும் கேப்பேன். சேலத்துல என்ற ஆபீசு மாடிப்படிகூட ஒரு மில்லுல கழட்டுன இரும்புதாங்க. ஆனா அது உங்க கேள்விக்குப் பதிலாகாது. பாலம் முடிஞ்சதும், ஊரே ஏறுனாலும் வராத பாரத்த மொதல்ல ஏத்திக் காட்டறேன். அதுக்கு முன்னாடி ஒருத்தரும் கால் வெக்க வேண்டாம். அது தாங்கலைன்னா கான்கிரீட் பாலத்துக்கு நானே எழுதித் தர்றேன்."

மாதையன் முகம் தெளியவில்லை. அப்போதுதான் பொன்னுவேல், தான் பேசப்போவது தனக்கே தெரியாமல் எழுந்து நின்றான்.

"நான் இரும்பு விக்கறவன். உங்களுக்கெல்லாம் தெரியும். இவங்க வேண்டாம்னு தள்ளுன இரும்பு என்ற கடையில குமிஞ்சு கெடக்குது, வந்து பாருங்க. நானா இருந்தா அதுல முக்காவாசியத் தள்ளியிருக்க மாட்டேன். புது இரும்ப யாரு இப்புடித் தட்டித் தட்டிப் பாக்கறாங்க? பில்லப் பாத்து எறக்கிருவாங்க. இந்த ஒவ்வொண்ணயும் இந்தம்மா புள்ளயாட்டம் பாத்திருக்கறாங்க. எங்கக்கா இந்தப் பாலத்துலதான் நடக்கப் போறா. எனக்குப் பயமில்ல."

"எனக்கு இருக்குது" என்றாள் மாதம்மாள் பளிச்சென்று. கூட்டம் சிரித்தது. சிரிப்பில் இறுக்கம் தளர்ந்தது. பாரம் ஏற்றிக் காட்டிய பிறகு பேசிக்கொள்வோம் என்று மாதையனும் உட்கார்ந்துவிட்டார்.

சித்திரை முடிவதற்குள் பாலம் கரையில் முழுசாகக் கோத்தாகிவிட்டது. கயிறும் பாரம் இழுக்கும் செயின் பிளாக்கும் போட்டு அக்கரைக்கு இழுக்க நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முந்தின சாயங்காலம் ஒரு சின்ன மழை தூறி நின்றது. எல்லோரும் கிளம்பும் நேரம், ஜெயகுமாரி பாலத்தின் அடிப்பக்கம் குனிந்தவள் நிமிரவே இல்லை.

"பொன்னுவேல் அண்ணா, கொஞ்சம் வாங்க."

கீழ் ஆங்கிள் ஒன்றில், போல்ட் துளையின் விளிம்பிலிருந்து பழுப்பாக ஒரு ஒழுக்கு, கண்மை கலைந்த மாதிரி. பொன்னுவேலுக்கு அது வெறும் துருத் தண்ணீர். அவள் போல்ட்டைக் கழற்றி, அந்த இடத்தில் சிவப்பு மை போன்ற ஒன்றைத் தெளித்தாள். காத்திருந்து துடைத்தாள். மேலே வெள்ளைப் பவுடரை ஊதினாள். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்குள்ளிருந்து முடி மாதிரி ஒரு சிவப்புக் கோடு மெல்ல எழுந்து வந்தது.

"விரிசல்" என்றாள். "நடக்கும்போது மேல இருக்கற இரும்பு நசுங்கும், கீழ இருக்கறது இழுபடும். இழுபடற எடத்துல இது. இத நான்தான் பாஸ் பண்ணேன்."

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பொன்னுவேல் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"ஒண்ணுதானுங்களே மேடம். கடையில நல்ல துண்டு இருக்குதா பாப்போம். காலையிலயே மாத்திரலாம். ஊருக்குத் தெரியவா போகுது?"

"ஒண்ணுல இருந்தா இன்னொண்ணுல இருக்காதுன்னு எப்புடிச் சொல்றது? துளை எல்லாத்தயும் இப்புடி மை போட்டுப் பாக்கணும். முன்னாடியே பாத்திருக்கணும்." எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "ஊருக்குத் தெரியணுமுங்க. அவங்க பாலம்."

அன்றைக்கே, கோடையில் நீர் குறைந்திருந்த ஓடையில் இறங்கி, கல்லுக்குக் கல் தாவி, பலாக்காட்டுக்குப் போனாள். பொன்னுவேலும் கூடவே போனான். மாதையன் களத்தில் மிளகை அள்ளிக்கொண்டிருந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். விரிசல் இருந்ததை, தான் விட்டதை, எல்லாவற்றையும் பிரித்து மறுபடி பார்க்கப்போவதை, மழைக்கு முன்னால் முடியுமா என்பது தெரியாததை. எதையும் குறைத்துச் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தார் வந்து சூழ்ந்துகொண்டார்கள். இத்தோடு போச்சு என்று பொன்னுவேல் நினைத்தான்.

மாதையன் முறத்தைக் கீழே வைத்தார்.

"நீங்க வந்து சொல்லலைன்னா இது எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமுங்களா?"

"தெரிஞ்சிருக்காதுங்க."

அவர் கைத் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "இப்ப என்ன வேணும்? எத்தன பேரு வேணும்?"

பிரித்துப் பார்த்ததில் இன்னும் சில துண்டுகளில் அதே சிவப்புக் கோடு எழுந்தது. மாற்றுக்கு இரும்பு போதவில்லை. மிச்சமிருந்தது பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்ற கடைசி டவர் ஒன்றுதான். பாறைக்குக் கீழே வெறும் ஆழம். அதை வெட்டிப் பள்ளத்தில் தள்ளிவிட்டு, அடியிலிருந்து துண்டு துண்டாக இழுத்துக்கொள்ளலாம் என்றுதான் பொன்னுவேல் முதலிலேயே திட்டம் போட்டிருந்தான். தள்ளினால் இரும்பு நெளிந்து போகும். கழற்றத்தான் வேண்டும்.

ஷெர்வினும் அவனும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏறினார்கள். காற்று டவரையே ஊளையிட வைத்தது. கீழே பார்க்கும்போது மூட்டம் விலகி விலகி மூடியது. போல்ட்டுகள் பிடிவாதமாக இருந்தன. பொன்னுவேல் எண்ணெய் விட்டான், காத்தான், அழுத்தினான், மறுபடி எண்ணெய் விட்டான். ஒரு கட்டத்தில் ஷெர்வின், "கேஸ் வெச்சா இந்நேரம் ஊடு போயிச் சேந்திருக்கலாம்ணா" என்று முனகினான். "வெச்சா நாசமாப் போயிரும். பொறு" என்று சொன்ன தன் குரலைக் கேட்டுப் பொன்னுவேலுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கழற்றிய ஆங்கிள்களைக் கயிற்றில் இறக்கினார்கள். கீழே பலாக்காடே நின்றது. ஒரு துண்டுக்கு இரண்டு பேர் போதும். ஆணும் பெண்ணுமாகத் தோளில் வைத்து, ஒற்றையடிப் பாதையில், காப்பிச் செடிகளுக்கு நடுவே, ஒரு கிளையும் ஒடியாமல் ஓடை வரைக்கும் வரிசையாகப் போனார்கள். மாதம்மாள் ஒரு முனையையும் பக்கத்து வீட்டு ஆராயி மறுமுனையையும் பிடித்திருந்தார்கள். "பாலத்தையே தோள்ல தூக்கிட்டுப் போறோம் பாரு தம்பி" என்று அக்கா மேலே பார்த்துக் கத்தினாள். அந்தக் கான்கிரீட் பாலத்தை எந்த ஊர் தோளில் தூக்கியிருக்க முடியும் என்று நினைத்துக்கொண்டான் பொன்னுவேல்.

வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்த மறுவாரம் பாலம் அக்கரை சேர்ந்தது. கயிறு இழுக்க இழுக்க அது கரையை விட்டு வெறும் காற்றில் நீண்டுகொண்டே போனது. முனை அந்தப் பக்கத்துத் திண்டில் உட்கார்ந்ததும் மாதையன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பாரம் ஏற்றும் நாளில் மணல் மூட்டைக்கு ஆள் சொல்லட்டுமா என்று பொன்னுவேல் கேட்டான்.

"மணல எங்கிருந்துங்க கொண்டாரது? அப்பறம் அத எங்க கொட்டறது?" ஜெயகுமாரி ஓடையைக் காட்டினாள். "பாரம் கீழயே ஓடுதே."

பொன்னுவேலும் ஷெர்வினும் மட்டும் ஏறிப் பாலம் முழுக்க நீல டிரம்களை அடுக்கினார்கள். மாதையனின் ஆயில் இஞ்சினை ஓடையில் இறக்கி, குழாய் வைத்து ஒவ்வொரு டிரம்மாக நிரப்பினார்கள். பாலத்தின் அடியில் இரு கரைக்கும் ஒரு மெல்லிய கம்பி இழுத்துக் கட்டி, நடுவில் ஒரு அளவுகோல் மாட்டியிருந்தாள். எல்லா டிரம்மும் நிரம்பினால் பாலம் ஒரு விரல் அகலம் தாழும் என்று ஊராரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். "அதுக்கு மேல தாழ்ந்தா நான் போட்ட கணக்கு தப்பு. தண்ணிய எறக்குனதும் பாலம் பழைய எடத்துக்கு வரலைன்னாலும் தப்பு."

டிரம்கள் நிறைய நிறைய, பொன்னுவேல் பாறை மேல் படுத்துக்கொண்டு அந்த அளவுகோலையே பார்த்தான். இஞ்சினின் படபட சத்தம் ஓடை முழுக்க எதிரொலித்தது. பாலம் எங்கேயோ ஒருமுறை 'டிக்' என்றது. கரையில் இருந்தவர்கள் பின்வாங்கினார்கள். "போல்ட் உக்காருது, பயப்படாதீங்க" என்றாள் ஜெயகுமாரி. ஆனால் அவள் விரல்கள் ஹெல்மெட்டின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்ததைப் பொன்னுவேல் பார்த்தான். கடைசி டிரம்மும் வழிந்தது. பாலம் தாழ்ந்திருந்தது, அவள் சொன்னதைவிட ஒரு நூல் குறைவாகவே.

சாயங்காலம்வரை அப்படியே வைத்திருந்து, பிறகு டிரம்களின் அடைப்பைத் திறந்துவிட்டார்கள். பாலத்தின் இரு பக்கமும் அருவி மாதிரி தண்ணீர் விழுந்தது. குழந்தைகள் கூச்சலிட்டன. அந்த ஆரவாரத்துக்கு நடுவே பொன்னுவேல் மட்டும் அளவுகோலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரும்பு மெதுவாக, மிக மெதுவாக, மூச்சு இழுத்துக்கொள்வது போல எழுந்தது. எழுந்து, காலையில் இருந்த அதே கோட்டில் வந்து நின்றது.

எத்தனை டன் இரும்பு தன் கைவழியே உலைக்குப் போயிருக்கிறது! வளைந்த இரும்பும் அறுந்த இரும்பும்தான் அவன் அதுவரை பார்த்தது. பாரத்தை வாங்கிக்கொண்டு, இறக்கியதும் தன் இடத்துக்குத் திரும்பும் இரும்பை அவன் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. அதைக் கண்டுபிடித்து, தட்டிக் கேட்டு, சந்தேகப்பட்டு, பிரித்து, மறுபடி கோத்த அந்தப் பெண், கரையில் நனைந்த புடவையோடு நின்று, மாதையனுக்கு எதையோ கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். எழுந்து போய் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது அவனுக்கு. "மேடம், டீ குடிக்கறீங்களா?" என்பதுதான் வாயில் வந்தது.

"குடிக்கலாமுங்கண்ணா. நொம்பப் பசிக்குது" என்றாள் அவள்.

ஐப்பசியில் அந்த மழை மறுபடி வந்தது. மூன்று நாள் ஓடை செம்மண் நிறத்தில் உறுமிக்கொண்டு ஓடியது. தண்ணீர் வடிந்த பிறகு பாலத்தைப் பார்க்க ஜெயகுமாரி மலை ஏறி வந்தாள். பொன்னுவேல் டெம்போவில் கூட்டிப்போனான். அவன் கடையில் இப்போது இரண்டு குவியல்கள். உலைக்குப் போவது ஒரு பக்கம். கழற்றி, தேய்த்து, நீளவாரியாக அடுக்கியது இன்னொரு பக்கம். நாகலூர்க்காரர் ஒருவர் காப்பி காயவைக்கும் கொட்டகைக்கு அதிலிருந்து எடுத்துக்கொண்டு போனார். கரடியூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அதை அவன் வழியில் சொன்னபோது, "மை தெளிச்சுப் பாத்துக் குடுக்கறீங்களா?" என்று மட்டும் கேட்டாள். "பாக்காமக் குடுப்பனுங்களா?" என்றான் பொன்னுவேல், கொஞ்சம் ரோஷமாகவே.

அவள் பாலத்தின் அடியில் புகுந்து ஒவ்வொரு துளையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே ஆட்கள் போய்வந்தபடி இருந்தார்கள். ஒருவர் மாட்டை ஓட்டிக்கொண்டு போனார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் தடதடவென்று ஓடினார்கள். மாதம்மாள் தலையில் புல்லுக்கட்டோடு பாலத்தின் நடுவே நின்று ஆராயியிடம் யாருடைய கல்யாணத்தைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தாள். முடிவதாகத் தெரியவில்லை.

"ஏனக்கா, கீழ இஞ்சினியரம்மா இருக்காங்க. பாலம் எப்புடி இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்றான் பொன்னுவேல்.

மாதம்மாள் காலுக்குக் கீழே குனிந்து பார்த்தாள். தான் எதன் மேல் நிற்கிறோம் என்பதே அப்போதுதான் நினைவு வந்தது போலிருந்தது அவள் முகம்.

"அதுக்கென்ன சாமி, நல்லாத்தான இருக்குது" என்றாள். "ஏங்கண்ணு, ஊட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்புட்டுப் போ" என்று கீழே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து கல்யாணப் பேச்சைத் தொடர்ந்தாள்.

பாலத்துக்கு அடியிலிருந்து ஜெயகுமாரி சத்தமாகச் சிரிப்பது கேட்டது. சுத்தியலால் இரும்பை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவள் அடுத்த துளைக்கு நகர்ந்தாள்.